சுவரை உடைக்கும் முன் அட்டாலியை இறக்குங்கள்

பழைய வீட்டில் இடம் போதவில்லை என்று இந்த முறை வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் சேலத்துக்குள்ளிருந்து, ஒன்று மட்டும் மலை மேலிருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஏழாக்கிக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

கேள்வி: எங்கள் வீடு மாமனார் 1974-ல் கட்டியது. சமையலறை 10-க்கு 8 அடி. சுற்றி அட்டாலி (பரண்), அது முழுக்கப் பித்தளை அண்டாவும் சீர்ப் பாத்திரமும். கீழே மிக்ஸி வைக்க இடமில்லை. பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கலாமா? (அஸ்தம்பட்டி)

எடுப்பதும் எடுக்காததும் அப்புறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டாலியில் இருப்பதை எல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்புங்கள் அம்மா. வீடு பார்க்கப் போகும் இடத்தில் டேப்பை எடுக்கும் முன்பே நான் இதைத்தான் சொல்வேன், பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். பொன்னம்மாபேட்டையில் ஒரு வீட்டில் அப்படி இறக்கினபோது 3 அண்டா, 11 குடம், கேஸ் வந்த பிறகு யாருமே தொடாத 2 மண்ணெண்ணெய் ஸ்டவ், அதோடு ஒரு பெரிய டிவி அட்டைப்பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. டிவியையே எப்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று, பெட்டி மட்டும் அட்டாலியில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உருக்காலை இருக்கும் ஊர், எவர்சில்வருக்குக் குறைவிருக்காது. அதை விற்கச் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது இறக்கும் பாத்திரம் எது, கடைசியாக யாருடைய கல்யாணத்துக்கு இறக்கினோம் என்றே ஞாபகம் இல்லாத பாத்திரம் எது என்று மட்டும் பிரியுங்கள். இரண்டாவது வகைக்குச் சமையலறையில் இடம் கிடையாது, மாடிப்படிக்கு அடியில் வையுங்கள். கனமான அண்டாவைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறுகிற வயது நமக்கெல்லாம் தாண்டிவிட்டது.

இப்போது சுவர். உங்கள் படத்தில் அட்டாலி இரண்டரை அடி ஆழம். முன்னால் ஒரு வரிசை கண்ணுக்குத் தெரியும், பின்னால் இருப்பது இருட்டு. 10 அடிச் சுவரில் அந்த அட்டாலி தருவது 25 சதுர அடி. அதே சுவரில் ஒரு அடி ஆழத்துக்கு, தரையிலிருந்து 7 அடி உயரம் வரை 6 தட்டு கடப்பா கல் அடித்தால் 60 சதுர அடி, அதுவும் ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று ஒளியாமல். நீங்கள் எடுக்க நினைக்கும் சுவருக்கு இரண்டு முகம் உண்டு. அதை எடுத்தால் இந்தப் பக்கம் 10 அடி, ஸ்டோர் ரூம் பக்கம் 10 அடி, ஆக 20 அடி செல்ஃப் மாட்டும் இடம் போய்விடும், கிடைப்பதோ நடுவில் நடக்கும் இடம்தான். பழைய வீட்டில் சாமான் வைக்கத் தட்டுப்பாடு வருவது தரைக்கு அல்ல, சுவருக்கு. ஆகவே அந்தச் சுவர் இருக்கட்டும். கதவை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டோரின் உள்பக்கம் மூன்று சுவரிலும் தட்டு அடியுங்கள், லீ பஜாரிலிருந்து மூட்டையாக வாங்குகிற வருஷத்துச் சாமானெல்லாம் அங்கே போகட்டும். மிக்ஸியும் கிரைண்டரும் மேடையின் மூலையில் நிரந்தரமாக உட்காரும். மேடையைப் புதிதாகப் போடுவதாக இருந்தால் யார் சமைக்கிறாரோ அவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும், அதற்கு 4, 5 அங்குலம் கீழே வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம்தான் வைப்பார், நாம் சொன்னால்தான் உண்டு.

கேள்வி: 80 வருடத்துக்கு மேலான மெட்ராஸ் டெரஸ் வீடு. அகலம் 16 அடி, ஆழம் 60-க்கு மேல், ரயில் பெட்டி மாதிரி. முன்கூடத்துக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்தால் நல்ல பெரிய ஹால் கிடைக்கும். மேஸ்திரி ஒரே நாளில் எடுத்துவிட்டு பீம் போட்டுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

ஒரே நாளில் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தை போதும், வேறு ஆளைப் பாருங்கள்.

இதை நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், காரணம் உண்டு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எங்கள் சொந்த வீட்டிலேயே இப்படி ஒரு சுவரை எடுத்தோம். நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் கூரைக்குக் கொடுத்திருந்த முட்டுக் கட்டைகளை ஆட்கள் கழற்றிவிட்டார்கள், வழியில் இடைஞ்சலாக இருந்ததாம். திரும்பி வரும்போது மேலே சுண்ணாம்புக் காரையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அரைச் சாண் நீண்டது. சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டைகளை எல்லாம் கொடுத்து நிறுத்தினோம். அந்தக் கோட்டைப் பூசி மறைக்க எங்கள் அம்மா கடைசி வரை விடவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். படுத்துக்கொண்டு கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது மரச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கலைச் சாய்வாகக் குத்து வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இடித்துப் போட்டு, மேலே தட்டு ஓடு பதித்தது. பாரம் முழுக்க அந்தச் சட்டங்களில்தான் இறங்குகிறது, சட்டத்தின் நுனி எந்தச் சுவரில் போய் உட்காருகிறதோ அதுதான் தாங்குகிற சுவர். உங்கள் வீட்டில் சட்டங்கள் இடது பக்கச் சுவரிலிருந்து வலது பக்கச் சுவருக்கு ஓடினால் நடுவில் உள்ள குறுக்குச் சுவரில் பாரம் குறைவு. வாசலிலிருந்து பொடக்காலி, அதாவது கொல்லைப் பக்கமாக நீளவாக்கில் ஓடினால் இரண்டு அறையின் கூரையும் அந்த ஒரு சுவரின் தலையில்தான் நிற்கிறது.

பாரம் இல்லாவிட்டாலும் முழுக்க எடுக்காதீர்கள். மண் சாந்தில் கட்டின நீளச் சுவர்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாயாமலும் வெளியே பிதுங்காமலும் இருப்பதற்குக் குறுக்குச் சுவர்தான் இடுப்புக் கயிறு மாதிரி. இரண்டு ஓரத்திலும் 3 அடிச் சுவரை விட்டுவிட்டு நடுவில் 9, 10 அடி திறந்துகொள்ளுங்கள். விட்ட அந்த 3 அடிகள் வீணல்ல, இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் சாமி அலமாரி என்று இரண்டு முகத்திலும் தட்டு வைக்கலாம்.

பாரம் தாங்கும் சுவர் என்றால் முறை இது. முதலில் சுவருக்கு இரண்டு பக்கமும், கூரைக்கு அடியில் பலகை கொடுத்து, தரையிலும் பலகை கொடுத்து, நடுவில் இரும்பு ஜாக்கி முட்டு நிறுத்த வேண்டும். பிறகு சுவரின் பாதித் தடிமனுக்கு மட்டும் ஒரு பக்கம் காடி (நீளப் பள்ளம்) வெட்டி ஒரு இரும்பு ஐ பீம் நுழைத்து, மேலே இருக்கும் சந்தைச் சுருங்காத கிரவுட் கலவையால் அடைத்து இறுக விட வேண்டும். அது இறுகின பிறகுதான் மறுபக்கம் காடி வெட்டி இரண்டாவது பீம். இரண்டையும் போல்ட்டில் கோத்து, அப்புறம்தான் கீழே உள்ள சுவரில் கடப்பாரை படலாம். பீமின் இரண்டு முனையும் வெறும் பழைய செங்கலில் உட்காரக் கூடாது, அடியில் காங்கிரீட் படுகை போட்டுக் குறைந்தது 9 அங்குலமாவது உள்ளே போக வேண்டும். பீம் எந்த அளவு என்பதை மேஸ்திரி கண்ணால் சொல்லக் கூடாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுக் காகிதத்தில் தர வேண்டும். அதற்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை. ஏணி போட்டு ஏறி, சட்டம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு திருப்பி அடிக்கும். நனைந்த மரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே வாங்கும். நுனி ஊறியிருந்தால் முதல் செலவு ஹாலுக்கு இல்லை, மொட்டை மாடிக்கு. மாடியில் ஒழுக்குக்காக ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சிமெண்ட் பூச்சு போட்டிருப்பார்கள். 100 சதுர அடிக்கு 2 அங்குலப் பூச்சு என்றால் ஏறக்குறைய 1 டன், சும்மா மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பூச்சு போடுவதாக யாராவது சொன்னால் தட்டு ஓடு வரைக்கும் இருப்பதைச் சுரண்டிவிட்டுப் பிறகு பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர். 14 அங்குலத் தடிமன் இருக்கிறது. அதைக் குடைந்து அலமாரி வைத்தால் தரையில் இடம் மிச்சமாகுமே? (குகை)

ஆசை புரிகிறது, ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இதே பத்திரிகையைப் படித்துவிட்டு அவர் பக்கம் குடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொதுச்சுவரில் அவருக்கும் பாதி உரிமை, அவர் வீட்டுச் சட்டமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். பழைய ஆட்கள் கட்டும்போதே வைத்த விளக்கு மாடமும் அலமாரியும் வேறு, மேலே பாரம் தாங்கக் கல்லோ மரமோ குறுக்கே லிண்டலாகக் கொடுத்துக் கட்டினது. நாம் இப்போது டிரில்லர் வைத்துக் குடைவது வேறு. உங்கள் சொந்தச் சுவராக இருந்தால் பழைய ஜன்னலோ கதவோ அடைத்த இடத்தைத் தேடிப் பாருங்கள், தட்டினால் சத்தம் மாறும், அதற்கு மேலே ஏற்கெனவே லிண்டல் இருக்கும், அந்த இடத்தைத் திறந்து 9 அங்குல ஆழத்துக்கு அருமையான அலமாரி ஆக்கலாம். பொதுச்சுவரின் மேல் 10 அங்குலத்துக்கு மரத் தட்டு மாட்டுங்கள், போதும்.

கேள்வி: அப்பா காலத்தில் வீட்டில் 2 குழித்தறி (நெய்கிறவர் காலை இறக்கி உட்காரத் தரையில் குழி வெட்டின கைத்தறி) ஓடியது. தறியைப் பிரித்து 12 வருடம் ஆகிறது. குழியின் மேல் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறோம், நடந்தால் டொம் டொம் என்று சத்தம். ஒவ்வொன்றும் நீளம் 4, அகலம் இரண்டரை, ஆழம் இரண்டரை அடி. மூடிவிடலாமா, இல்லை சாமான் வைக்கும் இடமாக ஆக்கலாமா? (அம்மாப்பேட்டை)

இரண்டு குழி இருக்கிறதே, ஒன்றை மூடுங்கள், ஒன்றை வையுங்கள். இது சமாதானத்துக்காகச் சொல்வது இல்லை.

தறி வீட்டின் முன்கூடத்துக்கு ஒரு குணம் உண்டு. பாவு நூலை நீளமாக இழுத்து ஓட்டத் தெருவும் பாவடி என்கிற பொது இடமும் இருந்ததால் வீட்டுக்குள் தேவைப்பட்டது தறிக்கு இடமும் தறிக்கு வெளிச்சமும் மட்டும்தான். அதனால் தெருப் பக்க ஜன்னல் தாழ்வாக, நல்ல வெளிச்சத்தோடு இருக்கும், வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். அங்கே பீரோவைக் கொண்டுபோய் ஜன்னலை மறைத்து வைத்துவிட்டு, உள்ளே இருட்டில் உட்கார்ந்து பகலில் டியூப்லைட் போட்டுக் குழந்தைகள் படிக்கிற வீடுகளை அம்மாப்பேட்டையில் எத்தனையோ பார்த்துவிட்டேன். உங்கள் படத்திலும் பீரோ அங்கேதான் தெரிகிறது. முதலில் அதை நகர்த்துங்கள்.

ஜன்னலுக்கு அருகில் இருக்கும் குழியை மூடுங்கள், அங்கே படிக்க மேசை வரட்டும். மூடுவது என்றால் வீட்டை இடித்த செங்கல் துண்டும் குப்பையும் கொட்டுவது இல்லை. கிராவல் அல்லது கிரஷர் தூள் எடுத்து, அரை அடிக்கு ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. உங்கள் குழி 25 கன அடி. இடித்தால் அமுங்கும், ஆகவே 32, 33 கன அடி பிடிக்கும், அதற்குத் தகுந்தபடி சொல்லி வாங்குங்கள். மேலே 4 அங்குலத்துக்கு ஜல்லி போட்டுத் தரை. அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டி டைல்ஸ் ஒட்டினால் முதல் மழைக்காலம் முடிந்ததும் டைல்ஸ் மட்டும் பாலம் மாதிரி நிற்கும், அடியில் வெற்றிடம்.

இரண்டாவது குழியை வைக்கலாமா என்பதை ஐப்பசி மழை சொல்லும். மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், குழியின் தரையில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஆசையை விட்டுவிட்டு அதையும் மூடுங்கள். காய்ந்திருந்தால் உள்ளே நாலு பக்கமும் வாட்டர் புரூஃப் கலந்த பூச்சு, கரையான் மருந்து, மேலே இரும்புச் சட்டத்தில் டைல்ஸ் பதித்த இரண்டு மூடி. உள்ளே பித்தளை, எவர்சில்வர், கார்த்திகை அகல், பிளாஸ்டிக் டப்பாவில் கொலு பொம்மை போகலாம். துணி, அரிசி, பத்திரம் போகக் கூடாது. அப்பாவின் தறி நாடாவையும் (ஊடு நூலைக் கொண்டுபோவது) அச்சையும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது, வைத்திருந்தால் அவை குழிக்குள் வேண்டாம், சுவரில் இருக்கட்டும்.

கேள்வி: 1988-ல் கட்டின தரைத்தள வீடு, தூண் கிடையாது, 9 அங்குலச் சுவர். மாடியில் 10-க்கு 10-ல் ஒரு அறை மட்டும் எழுப்பினால் பையனுக்கு ஆகும். அஸ்திவாரம் தாங்குமா? (சூரமங்கலம்)

தோண்டிப் பார்க்காமல் யார் தாங்கும் என்று சொன்னாலும், தாங்காது என்று சொன்னாலும் இரண்டும் ஜோசியம். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் ஒரு அடி நீளத்துக்கே சுமார் 400 கிலோ. 10-க்கு 10 அறைக்குச் சுற்றி 40 அடி, ஆக 16 டன். கதவு ஜன்னல் கழித்தால் 13, 14 என்று வையுங்கள். மேலே 5 அங்குல காங்கிரீட் தளம் இன்னும் 3 டன். ஒரு பையனுக்கும் ஒரு கட்டிலுக்கும் சேர்த்து 16, 17 டன் ஏற்றுகிறீர்கள். அதுவும் கீழே சுவர் இல்லாத இடத்தில் மேலே சுவர் வந்தால் தளத்தின் நடு வயிற்றில் ஏற்றுகிறீர்கள்.

இதையே இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்திச் சுவரும் கூரையும் பஃப் பேனலில் (இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை வைத்தது) போட்டால், 50 மில்லிமீட்டர் பேனல் சதுர அடிக்கு ஒரு கிலோ சொச்சம்தான் எடை, சட்டத்தையும் சேர்த்து எல்லாம் ஒன்றரை டன்னுக்குள் அடங்கும். வெறும் தகர ஷீட் வேண்டவே வேண்டாம், சித்திரை மாத வெயிலில் சூரமங்கலத்து மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் அந்தப் பையன் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் நீங்கள் எனக்கு எழுதுங்கள். பேனலுக்கு நடுவில் இருக்கும் நுரைதான் சூட்டைத் தடுக்கிறது. எடை குறைவு என்பதால் காற்றுக்குத் தூக்கும், கோடை மழைக்கு முன் அடிக்கிற சூறைக்காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் தூண்களின் அடித்தகட்டைக் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே வரும்படி வைத்து கெமிக்கல் ஆங்கரால் (துளையில் பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) பிடிக்க வேண்டும். ஷீட் கூரைதானே என்று மாநகராட்சி அனுமதி வாங்காமல் விடாதீர்கள், மாடியில் அறை என்றால் அறைதான்.

அதற்கும் முன்னால் கீழே உட்புறக் கூரையைப் பாருங்கள். காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் சார். கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் காங்கிரீட்டைத் தள்ளும். அதைச் சரி செய்யாமல் மேலே ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது, தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துத்தான். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் 1 டன்.

கேள்வி: அலமாரிக்கு எந்தப் பலகை நல்லது? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (கிச்சிப்பாளையம்)

பிளைவுட்டில் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண அறைகளுக்கு, 710 என்பது தண்ணீர் தாங்குவது. சமையலறையில் சிங்குக்கு அடியிலும் பாத்ரூமை ஒட்டின சுவரிலும் 710, மற்ற இடத்துக்கு 303 போதும், வீடு முழுக்க 710 வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மரத்தூள் பலகை பார்க்க அழகு, ஒரு தடவை தண்ணீர் பட்டால் இட்லி மாதிரி உப்பிவிடும். துணி அலமாரிக்கு ஆழம் 2 அடி வேண்டும், இல்லாவிட்டால் ஹேங்கர் இடித்துக் கதவு மூடாது. புத்தகத்துக்கு 10 அங்குலத்துக்கு மேல் கொடுத்தால் தூசிதான் சேரும்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஓட்டு வீடு, 22 அடி அகலம். கீழே 2 அறைதான். ஓட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தில் மச்சு போட்டு ஒரு படுக்கையறை ஆக்க நினைக்கிறோம். இன்னொன்று, பீரோவில் வைத்த துணியெல்லாம் மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடுகிறது. (ஏற்காடு)

ஒரு அடிக்கு 7 அங்குலம் ஏறுகிற சாய்வு என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், அளக்கத் தெரிந்தவருக்குப் பதில் எழுதுவது சுகம். 22 அடியில் பாதி 11. 11 முறை 7 என்றால் 77 அங்குலம், அதாவது உச்சியிலேயே 6 அடி 5 அங்குலம்தான். அதில் மச்சுப் பலகையின் தடிமன், ஓட்டைத் தாங்கும் சாய்வான கை மரத்தின் தடிமன் போக, வீட்டின் நட்ட நடுவில் ஒரே கோட்டில் மட்டும் தலையைக் குனியாமல் நடக்கலாம். படுக்கையறை வராது. பெட்டி, டிரங்க், விருந்தாளி மெத்தை வைக்கிற மச்சு வரும், அதற்கு மட்டும் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தச்சு ஆசாரி வந்து, குறுக்கே போகிற சட்டத்தை அறுத்துவிட்டால் உயரம் கிடைக்கும் என்பார். கண்டிப்பாகக் கூடாது. இரண்டு பக்கக் கை மரமும் காலை அகட்டிச் சுவரை வெளியே தள்ளாமல் பிடித்திருப்பதே அந்தக் குறுக்குச் சட்டம்தான். அறுத்த வீடு உடனே விழாது, 2, 3 வருடத்தில் சுவர் மெல்ல வெளியே சாயும், ஓட்டு வரிசை நடுவில் தொய்யும், அப்போது அந்த ஆசாரி எங்கே இருப்பாரோ.

உங்களுக்கு அறை கிடைக்கிற இடம் வேறு, முன்னால் இருக்கும் வராந்தா. 7 அடி அகலம், 22 அடி நீளம், இப்போது அதில் விறகும் காப்பிக் கொட்டை சாக்கும் கிடக்கிறது. அதில் 12 அடியைக் கண்ணாடி ஜன்னல் வைத்து அடைத்தால் காலை வெயில் உள்ளே வரும் ஒரு அறை. மலை மேல் அதற்கு மேல் என்ன வேண்டும்? கூரை ஏற்கெனவே இருக்கிறது, அஸ்திவாரமும் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் சரிவை வெட்டி ஓர் அறை இழுக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், ஏற்காட்டில் மலைப்பகுதிக்கான தனிக் கட்டுப்பாடு உண்டு, அதைவிட மழைக்காலத்தில் வெட்டின மண் உங்கள் சுவரில் வந்து சாயும். வராந்தாவை அடைக்கும் முன்பும் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூஞ்சைக்கு வருகிறேன். சேலத்தைவிட நீங்கள் ஏறக்குறைய 4,000 அடி மேலே இருக்கிறீர்கள், மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகும் ஊர். பீரோவை வெளிச்சுவரில் ஒட்டி வைத்தால் அந்தச் சுவர் குளிரும், பீரோவின் முதுகும் குளிரும், உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் வேர்த்துக் கொட்டும். சமையலறையை ஒட்டின உள்சுவருக்கு அதை மாற்றுங்கள். சுவருக்கும் பீரோவுக்கும் 2 அங்குலம், தரைக்கும் அதற்கும் 4 அங்குலம் இடைவெளி. கதவின் மேலும் கீழும் காற்றுப் போகத் துளை. அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து வைப்பதுதான் பாதிப் பூஞ்சைக்குக் காரணம், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காய வைத்த பாட்டிமார் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. உள்சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துப் பொருமும். பொருமின இடத்தைத் தட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள்.

மச்சுக்காக ஓட்டைப் பிரிக்கும்போது நல்ல ஓடாகப் பார்த்து ஒரு 100, 150 தனியாக எடுத்து வையுங்கள். பழைய மங்களூர் ஓட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் காடி வேறு, இன்றைக்கு வாங்குவது அதோடு கோக்காது. உங்கள் ஊர்க் குரங்குகளுக்கு வருஷத்துக்குப் பத்து ஓடாவது வேண்டியிருக்கும்.